ஆயுத பூஜையில கேட்ட 'டக்'

சந்தன வாசனையோட துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்து வரும் பாருங்க... எங்க வீட்டு ஆயுத பூஜைன்னா எனக்கு அதுதான் ஞாபகம்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருஷங்கள். நெல்லித்தோப்புல வாடகை வீடு. என் வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்து வந்து, டவுன்ல ஒரு பேங்க்ல செக்யூரிட்டியா இருந்தார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தாதான் அந்த வேலை. பாகூர் பக்கம் கரும்பு போட்டிருந்த ஒருத்தர்கிட்டேருந்து முறையா எழுதி மாத்தி, பழைய ரைஃபிள் ஒண்ணு வாங்கியிருந்தார். ஒவ்வொரு தடவை சுடறதுக்கும் பக்கத்துல இருக்கற போல்ட்ட பின்னால இழுத்து முன்னால தள்ளணும்... அந்த ரகம்.

எனக்கு துப்பாக்கி தெரியாது. கணக்கு தெரியும். அரிசி, பருப்பு, கேஸுக்கு வச்ச மாதிரி தோட்டாவுக்கும் கணக்கு வச்சேன். டியூட்டி முடிஞ்சு வந்ததும் என் கையில எண்ணிக் குடுத்துடணும். டப்பாவ பீரோவுல பூட்டி, சாவிய இடுப்புல சொருகினாதான் எனக்கு சோறு இறங்கும்.

"மிலிட்டரியில கூட இவ்ளோ கெடுபிடி இல்லடி"ம்பார்.

அந்த வருஷம் மனையில கோலம் போட்டு, அருவாமனை, கத்திரிக்கோல், பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வச்சாச்சு. அவர் துப்பாக்கிய துடைச்சு, எண்ணெய் போட்டு, போல்ட்ட இழுத்து மூடி, சுவத்தோரமா நிறுத்தினார். அடிக்கட்டை தரையில பட்டுச்சு...

டக்.

சுடறப்ப உள்ள ஊசி அடிக்கற சத்தம் அது. ஆனா ட்ரிகர யாரும் தொடல. அவர் ரெண்டு கையும் குழாய் மேல இருந்துச்சு. பொண்ணு பக்கத்துலயே பொரி அள்ளிக்கிட்டு நின்னா.

கற்பூரத் தட்ட அப்படியே வச்சுட்டு பீரோவுக்கு ஓடினேன். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். ஒண்ணும் குறையல. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

"காலி துப்பாக்கிக்கு இன்னாத்துக்கு இப்டி ஓடற?"

"இங்க காலி. பேங்க்ல காலியாவா இருக்கும்?"

துப்பாக்கிய ஒரு தடவை திரும்பிப் பாத்தார். அப்புறம், "ட்ரிகர் ஆரம்பத்துலேருந்தே லூசாதான் இருக்கு. நாளான்னைக்கு டியூட்டி. ரிப்பேருக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட போய் நின்னா வேற ஆளப் போட்டுடுவாங்க"ன்னார்.

அதுவும் நிஜந்தான். அந்த சம்பளத்துலதான் எங்க அடுப்பே எரிஞ்சுது. ஆனா மாசம் பொறந்தா அந்த பேங்க்ல பென்ஷன் கூட்டம் எப்படி நெருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க மாமியாரும் அந்தக் கூட்டத்துலதான் நிப்பாங்க. மயிலம் முருகா, தோட்டா இல்லாத நேரமா பாத்து சொல்லிட்டியே, மிச்சத்தையும் நீயே நடத்திக் குடுன்னு வேண்டிக்கிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில வச்சத நான்தான் எடுத்துக் குடுக்கணும், எடுத்த உடனே அதால ஒரு வேலை தொடங்கணும்... எங்க வீட்டு வழக்கம் அது. அருவாமனையில வாழைக்காய் நறுக்கினேன். பொண்ணு காம்பஸ்ல ஒரு வட்டம் போட்டா. துப்பாக்கிய மட்டும் எடுக்கல.

"இதுக்கு முதல் வேலை ரிப்பேர் கடைக்குப் போறதுதான். சரின்னா எடுத்துத் தர்றேன்."

"இன்னைக்கு எவன் தொறந்திருப்பான்?"

"விஜயதசமிக்குத் தொறக்காத கடை எது?"

சண்டையெல்லாம் பாத்த மனுஷன்... சாமி முன்னாடி இருக்கறத தானா எடுக்க கை வரல. தலைய சொறிஞ்சுக்கிட்டே சட்டைய மாட்டினார்.

துப்பாக்கி கேன்வாஸ் பையில. போல்ட்ட தனியா கழட்டி மஞ்சத்துணியில சுத்தி, என் கூடையில, பொரி பொட்டலத்துக்குக் கீழ. டிவிஎஸ்-ல பின்னாடி உக்காந்து வழியெல்லாம் முருகனத்தான் கூப்பிட்டேன்.

மார்க்கெட் பக்கத்து சந்துல கடை. ரிப்பேர்காரர் அப்பதான் பூஜைய முடிச்சிருந்தார். "இன்னைக்கு சும்மா தொட்டு வைக்கறதுதாம்மா. வேலை நாளைக்கு."

"எதையாவது தொடணும்ல அண்ணே... இதையே தொடுங்க."

சிரிச்சுட்டு வாங்கிப் பிரிச்சார். உள்ள பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு.

"யாரு இத இப்டி ராவி வச்சது? தும்முனா வெடிக்குமே!"

"கரும்புக்காரர்கிட்ட வாங்கறப்பவே அப்டித்தான். இப்ப பேங்க் டியூட்டிக்கு எடுத்துட்டுப் போறேன்"னார் இவர்.

"கரும்புக் கொல்லையில பன்னி நின்னு குடுக்காது, அதுக்காக ட்ரிகர லேசு பண்ணியிருக்கான். பேங்க்ல பன்னியா வருது?"

"மேனேஜர் வருவார்"னார் இவர், வாய்க்குள்ளயே.

தேஞ்சத ஒட்ட வைக்க முடியாது, மொத்தமா மாத்தணும்னார். நல்ல வேளை, அந்த ரகத்துக்குப் புது ட்ரிகர் அவர்கிட்டயே இருந்துச்சு. நான் கொண்டுபோன பொரிய மென்னுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் வேலை பாத்தார். கடைசியில காலித் துப்பாக்கியோட போல்ட்ட மூடி, அடிக்கட்டைய ரப்பர் பாய்ல ஓங்கிக் குத்தினார்.

சத்தம் இல்ல.

"இன்னொரு தடவை அண்ணே."

குத்தினார். இல்ல. ஒரு சத்தம் வராததுக்கு அவ்ளோ சந்தோஷப்பட்டது நான் அன்னைக்குத்தான்.

இவர் ட்ரிகர இழுத்துப் பாத்து மூஞ்ச சுளிச்சார். "கனமா இருக்கே."

"இருக்கட்டும்"னேன்.

அடுத்த பென்ஷன் நாள் மாமியாரக் கூட்டிக்கிட்டு நானும் போனேன். டோக்கன் குடுக்க ஆரம்பிச்சதும் கூட்டம் தள்ளுச்சு... ஒரு பெரியவர் நேரா இவர் மேல சாஞ்சார். துப்பாக்கி தரையில 'டொக்'குனு குத்துச்சு.

ஒண்ணும் ஆகல. இவர் பெரியவரத் தூக்கி நிறுத்திட்டு, கூட்டத்துக்கு மேல என்னைத் தேடிப் பாத்தார். அன்னைலேருந்து நான் கேக்கறதுக்கு முன்னாடியே தோட்டாவ எண்ணிக் குடுத்துடுவார்.

அன்னைக்கு அந்தக் கூட்டத்துலயே, "இன்னாடி, கண்ண மூடிக்கிட்டு நிக்கற?"ன்னாங்க மாமியார்.

"சாமிக்கு நன்றி சொன்னேன் அத்த."

இப்போ அவர் ரிடையர் ஆகி, துப்பாக்கியும் முறைப்படி கைமாறிப் போயிடுச்சு. பூஜையில அந்த எடத்துல அவரோட பிபி மிஷின் உக்காந்திருக்கு, பொட்டு வச்சுக்கிட்டு. எண்ணெய் வாசனை இல்லாத சந்தனம் இன்னும் எனக்கு என்னவோ போலத்தான் இருக்கு.

காலையில கேஸ் லைட்டர 'டக்'குனு அடிச்சா இன்னமும் தோள் ஒரு தூக்கு தூக்கும். ஹால்லருந்து அவர் குரல் வரும்... "காலிதான், பயப்படாத!"

பால வச்சுட்டு அவர் மாத்திரை டப்பாவத் தொறந்து எண்ணுவேன்.

எல்லாம் சரியா இருக்கு.