மஞ்சள் துணியும் அண்ணாவின் காலும்

மகேசன் அண்ணாவின் கால் யார் மேலாவது தவறிப் பட்டுவிட்டால், அவருடைய கை தானாகக் கீழே போகும். பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்கள் வீடுகளில் எல்லோரும் சிறுவயதில் பழகுவதுதான். வளர்ந்தபின் பலர் விட்டுவிடுவார்கள். அண்ணா விடவில்லை. ஒக்லாந்தில், ஒடாஹுஹு போகிற பஸ்ஸில் குடித்துவிட்டுத் தூங்கிய ஒருவரின் சப்பாத்தை இப்படித் தொடப்போக, அந்த மனிதர் விழித்து, சப்பாத்தைக் களவெடுக்கிறான் என்று சத்தம் போட்டார். வீட்டுப் பூனைக்கும் அதே மரியாதைதான்.

அப்போது அண்ணாவுக்கு விரி என்கிற இடத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. குளிர்சாதனப் பெட்டிகளை லொறியில் ஏற்றி இறக்க வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஒருநாள் லொறிக்குள் சிக்கிக்கிடந்த பெட்டியை அவர் தோள் கொடுத்துத் தள்ளி எடுத்ததை, கூட வேலைசெய்த சியோனே என்ற தொங்காத் தீவுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். மகேசன் என்ற பெயர் அவர் வாயில் ‘மேக்’ ஆகியிருந்தது.

“மேக், சனிக்கிழமை என்னோட வா. உன்னை ஒரு இடத்தில நிப்பாட்டுவன். நீ விழாமல் நிண்டால் போதும்.”

அப்படித்தான் அண்ணா அமெரிக்கக் கால்பந்து ஆடப் போனார். 1986இல் ஒக்லாந்தில் அந்த விளையாட்டு புதிது. தலைக்கவசமும் தோளில் பெரிய பட்டைகளும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து நின்றவரைப் பார்த்துச் சரோஜா அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இஞ்சாருங்கோ, பந்தைக் கையால எறியினம், கையால பிடிக்கினம். பிறகு எதுக்குக் கால்பந்து எண்டு பேர்?”

“எனக்கு அதுவும் இல்லை. நான் பந்தைத் தொடுறதேயில்லை” என்றார் அண்ணா பெருமையாக.

உண்மைதான். பந்தை எறிகிறவர் டெரி, வேலையில் தபால்காரர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்கிற சியோனே பந்தைக் கால்களுக்கிடையால் டெரிக்குக் கொடுப்பார். உடனே எதிரணி முழுவதும் டெரியை அமுக்கப் பாயும். சுவர் தாங்கினால் டெரி நிதானமாக ஆள் பார்த்து எறியலாம். தாங்காவிட்டால் டெரியின் வாய் நிறைய மண். அண்ணா வருவதற்கு முந்தின வருடம் அந்தச் சுவரில் ஓட்டைகள்தான் கூட. டெரியின் காறை எலும்பு உடைந்தது. அணி ஒரு ஆட்டமும் வெல்லவில்லை.

சியோனேயின் வலப்பக்கம் அண்ணா வந்து நின்ற வருடம் எல்லாம் மாறியது. எதிரே வந்தவர்கள் அவரில் மோதி, பெருமூச்சுவிட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடிந்தும் டெரியின் வெள்ளைக் காற்சட்டை வெள்ளையாகவே இருந்தது. விரியில் சியோனேயைத் தவிர யாரும் அண்ணாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில் அடித்துத்தான் கூப்பிடுவார்கள். இங்கே, வேலியோரம் நின்ற சனம் “மேக்! மேக்!” என்று கத்தியது. நானும் அண்ணியோடு அங்கேதான் நிற்பேன். எனக்கு வாய் திறந்து கத்த மட்டும் வராது.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. சியோனே பந்தை அசைக்கும்வரை வரிசையில் நிற்பவர்கள் விரலைக்கூட அசைக்கக்கூடாது. அசைத்தால் நடுவர் மஞ்சள் துணியை எறிவார். அணி ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும். அண்ணாவுக்கு அந்தத் துணி அடிக்கடி விழுந்தது. அதுவும் எப்போதும் இறுதிக் கோட்டுக்குக் கிட்டே, இன்னும் இரண்டடி போனால் புள்ளி என்கிற நேரத்தில். அதனால் ஒரு ஆட்டம் கையைவிட்டே போனது.

“நான் அசையேல்லை பிள்ளை. சத்தியமாய் அசையேல்லை” என்று என்னிடம் சொல்வார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்கும் விளங்கவில்லை.

கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் கிண்ணம். பயிற்சியாளர் பிரையன் முதலே சொல்லிவிட்டார்: “மேக், இன்னொரு துணி விழுந்தால் நீ வெளியில. பிறகு உள்ளே வரவே தேவையில்லை.” அன்று காலை அண்ணா தோசையைத் தொடவில்லை.

மற்ற நாட்களில் நானும் எல்லோரையும்போலப் பந்தையே பார்ப்பேன். அன்று அண்ணாவை மட்டும் பார்த்தேன். எங்கள் அணி இறுதிக் கோட்டை நெருங்கியது. அங்கே எதிரி நுழைய இடம் விடாமல் ஐவரும் ஒட்டி நிற்க வேண்டும். அண்ணாவின் இடது சப்பாத்து சியோனேயின் சப்பாத்தில் இடித்தது. அண்ணாவின் கை விடுக்கென்று அந்தச் சப்பாத்தைத் தொட்டு, கண்ணுக்கு முன்னால் இருந்த கவசக் கம்பியில் ஒற்றியது.

துணி விழுந்தது. பிரையன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அண்ணி,” என்றேன், “அண்ணா தொட்டுக் கும்பிடுறார்.”

“என்னது?”

“சியோனேயின்ர காலில இவர்ர கால் படுது. அதுதான்.”

அண்ணி பெஞ்சில் இருந்த அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். “ஐயோ, இந்த மனுசன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் அண்ணா இல்லாத வரிசை உடைந்துகொண்டிருந்தது. டெரி மூன்றுமுறை தொடர்ந்து மண்ணில் விழுந்தார். மூன்றாவது முறை தோளைப் பிடித்தபடி எழும்பினார். நாங்கள் நாலு புள்ளி பின்னால்; ஒருமுறை கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. தண்ணீர் குடிக்க ஆட்டம் நின்றதும் அண்ணி வேலியைத் தாண்டினார். சேலையோடுதான்.

“சியோனே! ஃபுட் டச், ஹேண்ட் கோ! ஹீ இஸ் சேயிங் சொறி டு யூ!”

சியோனே அண்ணாவைப் பார்த்தார். அண்ணா தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். சியோனே விழுந்து விழுந்து சிரித்தார்.

“பிரையன், இதுக்கோ இவனை வெளியில வைச்சிருக்கிறாய்? எங்கட ஆக்களும் இருக்கிறவைக்கு முன்னால நடக்கேக்க குனிஞ்சு ‘தூலோ’, மன்னிக்கவேணும் எண்டு சொல்லித்தான் போவம். அதுக்குத் துணி எறிஞ்சால் தொங்கா முழுக்க மஞ்சளாத்தான் இருக்கும்.” பிறகு தன் பெரிய சப்பாத்தை அண்ணாவின் முன் நீட்டினார். “இந்தா, இப்பவே தொடு. இண்டைக்கு முழுக்க எத்தினைதரம் மிதிப்பியோ, எல்லாத்துக்கும் சேர்த்துத் தொடு.”

அண்ணா விளையாட்டாகச் செய்யவில்லை. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினார். வலப்பக்கம் நிற்பவர் தானாகவே காலை நீட்டினார். அவருக்கும் செய்தார். பிரையன் டெரியின் தோளைப் பார்த்தார். “சரி, போ” என்றார்.

அண்ணா உள்ளே போனதும் சுவர் திரும்பி வந்தது. டெரி எறிந்தார், பிடித்தார்கள், ஓடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறுதிக் கோட்டுக்கு இரண்டடி தூரத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசித் தடவை. ஐவரும் ஒட்டி நின்றார்கள். சப்பாத்து சப்பாத்தில் இடித்தது. நான் அண்ணாவின் இடது கையையே பார்த்தேன். தொடைமேல் இருந்த அந்தக் கையின் விரல்கள் துடித்தன. அண்ணி என் தோளில் நகம் பதியப் பிடித்தார். கை எழும்பவில்லை.

பந்து அசைந்தது. அண்ணா குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளுவதுபோலத் தோளைக் கொடுத்தார். எதிரே நின்ற இரண்டு பேரும் பின்பக்கமாகப் போனார்கள். அந்த வழியால் டெரி பந்தோடு பாய்ந்து கோட்டுக்கு அப்பால் விழுந்தார்.

“அண்ணா!” என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

எல்லோரும் டெரியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அண்ணா மட்டும் விழுந்து கிடந்தவர்களிடையே குனிந்து குனிந்து போனார். சியோனே, அடுத்தவர், பிறகு எதிரணிக்காரர்கள், ஒவ்வொருவராகத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். எதிரணிக்காரர் ஒருவர் பயந்து காலை இழுத்துக்கொண்டார்.

அந்த அணி இப்போது இல்லை. அண்ணாவும் அண்ணியும் கிளென் ஈடனில் இருக்கிறார்கள். அண்ணாவின் இரண்டு முழங்கால்களும் பழுது, குனிய முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சியோனே வருவார். சோபாவில் கால் இடிபட்டால், சியோனேதான் தன் காலை அண்ணாவின் கைக்கு எட்டும்படி மேலே தூக்கிக் காட்டுகிறார்.