மலை எந்தப் பக்கம் நிற்கிறது

கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளப் பயிற்சி இருக்கிறதாம். காலில் கட்டோடு படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். தெரிந்துகொண்டுவிட்டால் கனவில் நாம் நினைத்ததையெல்லாம் செய்யலாம். பறக்கலாம், சுவருக்குள் புகுந்து வெளியே வரலாம் என்று அதில் ஒருவர் அடுக்கிக்கொண்டே போனார். பறக்கிறதெல்லாம் யாருக்கு வேண்டும்? எனக்கு நடந்தால் போதும்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை எனக்கு. ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. ஆடு தப்பித்துக்கொண்டது. என் இடது காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆபீஸ் போகலாம், வீட்டு வேலை பார்க்கலாம், "பதினாலு கிலோமீட்டர மட்டும் மறந்துடுங்கம்மா" என்றார் டாக்டர். நான் அதைப் பற்றிக் கேட்டிருக்கவேயில்லை. இந்த ஊர் டாக்டர் அல்லவா, கால் உடைந்தவர்கள் அடுத்துக் கேட்கப்போவது கிரிவலத்தைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியும்.

நான் பிறந்தது அடி அண்ணாமலையில். மலையைச் சுற்றுகிற அந்தப் பாதை மேலேயே எங்கள் அம்மா வீடு. கல்யாணமாகி வேங்கிக்கால் வந்த பிறகும் பௌர்ணமி தவறியதில்லை. நான் விறுவிறுவென்று போவேன், என் வீட்டுக்காரர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். எல்லாம் பக்தி என்று சொன்னால் பாதி பொய். நடக்கும்போது மட்டும்தான் என் தலைக்குள் யாரும் பேசமாட்டார்கள். ஆபீஸ், வீடு, கடன், சொந்தக்காரர்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அது போயே போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகு கால் இழுத்து இழுத்துத்தான் வந்தது. "முடிஞ்ச வரைக்கும் நடக்கலாம், வா" என்று அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். "முழுசா சுத்த முடியலன்னா அந்த ரோட்ல காலே வெக்கமாட்டேன்" என்று கத்தினேன். சொன்னபடியே கால் வைக்கவும் இல்லை. ரோடு அதுதான் என்பதால் அம்மா வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அம்மாதான் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

கனவிலாவது ஒருமுறை சுற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் பாடம், பகலிலேயே அடிக்கடி 'இது கனவா?' என்று சோதிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வந்துவிடுமாம். எழுத்தை இரண்டு முறை படித்துப் பார், கனவென்றால் மாறியிருக்கும் என்றார்கள். எங்கள் ஆபீஸ் ஃபைல்களை விழித்துக்கொண்டு படித்தாலே ஒவ்வொரு தடவையும் வேறு அர்த்தம்தான் வரும். கடிகாரத்தைப் பார் என்றார்கள். எங்கள் ஆபீஸ் கடிகாரம் சரியான மணி காட்டினால்தான் அது கனவு! கடைசியில், மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார், கனவில் மூச்சு வரும் என்றார்கள். இது சரிப்படும் என்று டவுன் பஸ்ஸில் மூக்கைப் பிடித்தேன். பக்கத்தில் காலிக் கூடையோடு நின்ற மீன்கார அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, நாறுதா? எல்லாத்தயும் வித்துட்டு வெறுங்கூடதான் எடுத்துனு போறேன்."

"ஐயோ, உங்களால இல்லக்கா. இது கனவானு பாக்கறேன்."

"நல்லா பாரு. கனவாயிருந்தா எனக்கும் உக்கார ஒரு சீட்டு போடு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. என் சீட்டை அவளுக்குக் கொடுத்திருப்பேன், கால் விடவில்லை.

மூக்கை விட்டுவிட்டு யோசித்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அடடா, இதைவிட வேறென்ன வேண்டும்! இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும், ஆனால் இடத்துக்கு இடம் வேறு உருவம். கோயில் பக்கம் நின்றால் கூராக ஒன்றே ஒன்று. எங்கள் ஆபீஸிலிருந்து பார்த்தால் சரிந்த முதுகு. அம்மா வீட்டு வாசலில் மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கும். நிற்கிற இடத்துக்கும் மலைக்கும் பொருந்தாவிட்டால் அது கனவு. அன்றிலிருந்து டீ குடித்தாலும் துணி காயவைத்தாலும் மலையைப் பார்த்து, 'சரியான பக்கத்தில்தான் நிற்கிறாயா?' என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பாடம், விடிவதற்கு முன் அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து மறுபடி படுக்க வேண்டும். நான் படுத்துவிடுவேன். அலாரத்துக்கு எழுந்த என் வீட்டுக்காரருக்கு அப்புறம் தூக்கம் வராது. முணுமுணுக்காமல் எழுந்து பால் வாங்கப் போய்விடுவார். கண்ட கனவை மறக்கும் முன் எழுதி வை என்பது மூன்றாவது பாடம். நாளெல்லாம் ஆபீஸில் எழுதுவது போதாதா? நான் அவரிடம் சொன்னேன். தினமும் காலையில் காபியை ஆற்றிக்கொடுத்துவிட்டு, தலையும் வாலும் இல்லாத என் கனவுகளை ஒன்று விடாமல் கேட்டார் அந்த மனுஷர். 

அப்படி ஒரு விடியற்காலையில், கனவில் அம்மா வீட்டுக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்தால், ஆபீஸ் ஜன்னலில் தெரிகிற மலை நிற்கிறது! 'ஏய், இது கனவு!' என்று துள்ளினேன். துள்ளின வேகத்தில் முழிப்பு வந்துவிட்டது.

"கனவுனு கண்டுபுடிச்சுட்டேங்க!"

"கனவு கனவுதான? அதுல கண்டுபுடிக்க இன்னா இருக்குது?" என்றார். பிறகு அவரே, "அடுத்த வாட்டி குதிக்காத" என்றார்.

சந்தோஷப்பட்டால் கனவு கலைந்துவிடும் என்பதை வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டுமாம். ரொம்ப நாள் அதிலேயே போனது. கண்டுபிடிப்பேன், பல்லை இளிப்பேன், முழித்துக்கொள்வேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் கூடிவந்தது. கனவில் கோயில் வாசலில் நிற்கிறேன். மலையோ அம்மா வீட்டு மலை. கத்தவில்லை. கையைத் தேய்த்தேன், தரையைப் பார்த்தேன். கனவு நின்றது. பாதையில் ஒரு ஜனம் இல்லை, நல்ல வெயில், ஆனால் கால் சுடவில்லை. இடது காலை எடுத்து வைத்தேன். இழுக்கவில்லை! பழைய கால்! நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். தலைக்குள் ஒரு சத்தம் இல்லை. அழுதுகொண்டே நடந்தேன். யாருக்கு என்று தெரியாமல் நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன்.

எவ்வளவு தூரம் நடந்தேனோ, வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். மலை அப்படியே நின்றது. அதே மடிப்பு, அதே உருவம், காலண்டரில் அச்சடித்ததுபோல. இன்னும் வேகமாக நடந்தேன். அசையவில்லை. நிஜத்தில் நாலு எட்டு வைத்தாலே ஒரு மடிப்பு மறைந்து இன்னொன்று எட்டிப் பார்க்குமே! மலை அப்படித் திரும்பிக்கொண்டே வந்தால்தானே நாம் சுற்றுகிறோம் என்று தெரியும். இங்கே கால் இருக்கிறது, சுற்றல் இல்லை. எத்தனை கிலோமீட்டர் போனாலும் நான் நின்ற இடத்திலேயே இருக்கிறேன். 'கொஞ்சம் திரும்பேன்' என்று கெஞ்சினேன். முழிப்பு வந்துவிட்டது.

அவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார்.

"பால வெச்சுட்டு வண்டிய எடுங்க."

"எங்க?"

"அம்மா வூட்டாண்ட."

பாலை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். அம்மா வீட்டைத் தாண்டி, நான் கை காட்டிய இடத்தில், அடி அண்ணாமலை கோயிலருகே வண்டியை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கல் குத்தியது. காலை இழுத்து இழுத்து வைத்தேன். எதிரே வந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! எப்போதும் பின்னால் வருகிறவர் இப்போது எனக்காக நின்று நின்று பக்கத்தில் வந்தார். பாதை நெடுக இருக்கிற எட்டு லிங்கங்களில் அடுத்ததுகூட இன்னும் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது.

வலது பக்கம் பார்த்தேன். அம்மா வீட்டு வாசலில் தெரிகிற மடிப்புகளில் ஒன்று பின்னால் போயிருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று தலை நீட்டியது. நான் நகர்ந்திருக்கிறேன். நடு ரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

"இன்னாச்சு? கால் ஜாஸ்தி வலிக்குதா?" என்று பதறினார்.

"வலிக்குதுங்க" என்றேன். "வாங்க, அந்த லிங்கம் வரைக்கும் போயிடலாம். அடுத்த வாரம் அங்கருந்து ஆரம்பிக்கலாம்."