பாட்டிலுக்குப் பதில் கிழங்கு

விஷம் என்று யார் வந்தாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "பாட்டில் எங்கே?" என்பதுதான். கள்ளக்குறிச்சியில் அப்போது நான் லேப் டெக்னீஷியன். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து மாமியாரையும் புருஷனையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த அந்தப் பெண், பாட்டிலுக்குப் பதில் ஒரு மரவள்ளிக் கிழங்கை நீட்டினாள். வார்டே சிரித்தது. நானும்தான்.

மாமியாருக்கு நினைவில்லை, மூச்சு வாங்கியது. புருஷனுக்கு வாந்தியோடு சரி. "இவதாங்க வெஷம் வச்சா! இவ வச்ச காரக் கொழம்ப நாங்க ரெண்டு பேரும் துன்னோம், இவ ஒரு வாய் துன்னல. போலீஸ கூப்புடுங்க" என்று வாளியைக் கட்டிக்கொண்டு கத்தினான். அவள் மாமியாரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

பூச்சிமருந்தாக இருந்தால் நாற்றம் ஊரைக் கூட்டும். மாமியாரின் வயிற்றைக் கழுவி எடுத்த தண்ணீரில் அது இல்லை. கிழங்கைப் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சயனைடோ என்று சந்தேகம். ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருந்த பிக்ரிக் அமிலத்திலும் சோடா உப்பிலும் நனைத்த தாளொன்றை, அந்தத் தண்ணீர் இருந்த குப்பிக்குள் தொங்கவிட்டேன். மஞ்சள் தாள் மெல்ல மெல்லச் செங்கல் நிறமானது. சயனைடேதான்! டாக்டரம்மா உடனே மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"பாத்தீங்களா, வெஷம்தான்!" என்றான் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் கிழங்கை வாங்கி, பச்சையாகவே இடித்து இன்னொரு குப்பியில் போட்டு, இன்னொரு தாளைத் தொங்கவிட்டேன். அதுவும் அதே நிறத்துக்கு வந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு தாள்களையும் அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். "இந்தக் கெழங்கு யாரு கொண்டாந்தது?"

"நான்தாங்க. ஜவ்வரிசி மில்லுக்கு ஏத்துன லோடுலேர்ந்து ரெண்டு எடுத்தாந்தேன்."

மில்லுக்குப் போவது சயனைடு அதிகமுள்ள கசப்புக் கிழங்கு. அரைத்து அலசி மாவெடுக்கத்தான் ஆகும்; சமைக்க ஆகாது. காரக் குழம்பில் கசப்பு தெரியாமல் போயிருக்கிறது.

"நீ ஏம்மா சாப்புடல?" என்று அவளைக் கேட்டேன்.

"சட்டியில மிஞ்சலீங்க. பழைய சோத்து நீத்தண்ணி குடிச்சிட்டு படுத்துகினேன்."

அதற்குப் பிறகு போலீஸ் பேச்சை அவன் எடுக்கவில்லை.

மறுநாள் காலை கண் விழித்த மாமியாரிடம், தாள்களைக் காட்டி நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். தம்பட்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மருமகள் பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனாள். மாமியார் கண் கலங்கி, அந்தக் கையைப் பிடித்து அவள் வாய்ப் பக்கமே திருப்பினார்.

"மொதல்ல நீ வயிறார துன்னும்மா. மிஞ்சினா எனக்குக் குடு."