கிணற்றில் இறங்கிய கடிகாரம்

எங்கள் எலச்சிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் ராசப்பன், நாமக்கல்லிலிருந்து கொச்சிக்கு முட்டை லாரி ஓட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். இப்போது சொந்தமாக வண்டி இருக்கிறது, டிரைவரும் இருக்கிறார். ஆனாலும் கொச்சி லோடு என்றால் தானே ஏறிவிடுவார். அங்கே அவரை இழுப்பது முட்டை வியாபாரம் இல்லை, பழைய கைக்கடிகாரங்கள்.

ஆரம்ப காலத்தில் ஒருநாள், லோடு இறக்கக் காத்திருந்த நேரத்தில் துறைமுகத்துப் பக்கம் போய் நின்றிருக்கிறார். கப்பலின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நீருக்குள் போயிருந்த ஒருவர் மேலே வந்தார். முகமூடியைக் கழற்றியதும் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தார். தடித்த எஃகுக் கடிகாரம். கண்ணாடியைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு வளையம்.

ராசப்பன் பேச்சுக் கொடுத்தார். மலையாளமும் அரைகுறைத் தமிழுமாக அந்த மனிதர் விளக்கினார். நீரில் இறங்கும்போது வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால், உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். கீழே எதிலாவது இடித்து நகர்ந்துபோனாலும், ஆன நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. ஆள் முன்கூட்டியே மேலே வந்துவிடலாம், காற்று தீரும்வரை தாமதித்துவிட மாட்டான்.

கேரள எல்லையில் வாளையாறு தாண்டி வரும்வரை ராசப்பனுக்கு அதே நினைப்புதான். தப்பே நடந்தாலும் அது உயிரின் பக்கமாக நடக்கட்டும் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறானே!

அப்புறம் கொச்சியில் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் தேட ஆரம்பித்தார். புதுசு அவருக்கு வேண்டாம். கடலுக்குள் வேலை பார்த்த கைகளில் இருந்தவைதான் வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்ந்து பீரோவில் ஒரு தட்டு நிறைந்தது. அவற்றில் உயர்வானது, துறைமுகத்தில் பார்த்த அதே கடிகாரம். அந்த மனிதர் தொழிலை விட்டபோது இவருக்கே கொடுத்துவிட்டார். கறுப்பு டயல் உப்புக்காற்றிலும் வெயிலிலும் காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்பெல்லாம் கப்பல் இரும்பில் உரசிய கீறல்கள். லீவு நாளில் ராசப்பன் அதை எடுத்து, கீறல்களின் மேல் கட்டைவிரலை ஓட்டிவிட்டு மறுபடி வைத்துவிடுவார்.

அவர் மனைவி சித்ராவுக்கு இதெல்லாம் தெரியாது. பழைய கடிகாரங்களை ஆசையாக வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிற சமயம், ராசப்பன் கொச்சி போயிருந்தபோது, அவர் அதிகம் எடுத்துப் பார்க்கும் கடிகாரத்தைச் சித்ரா கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிச் சேலம் போனார். குமரகுரு என்ற கடிகாரக்காரரிடம் கொடுத்து, "புதுசாட்டம் பண்ணிக் குடுங்க" என்றார். அவர் அப்படியே பண்ணிக் கொடுத்தார்.

ராசப்பன் ஊர் திரும்பிய அன்று சித்ரா நீட்டிய டப்பாவைத் திறந்தார். எஃகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு கீறல் இல்லை. டயலில் கன்னங்கரேலென்று புதுப் பூச்சு.

"நல்லா இருக்குதுங்களா?" என்றார் சித்ரா.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக் கையில் கட்டிக்கொண்டார். அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

விஷயம் உடைந்தது சிவபிரகாஷால். அவர் சேலத்தில் வங்கி வேலையில் இருப்பவர், ராசப்பனைப் போலவே இந்தப் பித்துப் பிடித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். ராசப்பன் கையைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஐயோ, யாருங்க இதைப் பாலீஷ் போட்டது? முகத்தையே அழிச்சுட்டானே!"

காப்பி கொண்டுவந்த சித்ரா கதவருகில் அப்படியே நின்றுவிட்டார்.

சிவபிரகாஷ் போன பிறகு சித்ரா கேட்டார். "அன்னைக்கே ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஆசையாக் குடுத்த. அதுக்கப்பறம் என்னத்தச் சொல்றது?"

"அது கெடக்குது. இத்தன வருசமா பீரோவத் தொறக்கறீங்க, மூடறீங்க. இது இன்னது, இன்னார் கட்டியிருந்ததுன்னு ஒரு நாளாச்சும் சொன்னதுண்டா? சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா?"

இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று தான் நினைத்திருந்தது ராசப்பனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கீறல்கள் போனதைவிட அது அதிகமாக உறுத்தியதாகப் பின்னால் அவர் என்னிடம் சொன்னார்.

எழுந்து போய் எல்லாக் கடிகாரங்களையும் எடுத்து வந்து கட்டிலில் பரப்பினார். இது எண்ணெய்க் கிணற்றுக் குழாய்க்காகக் கடலில் இறங்கியவருடையது, இது மூழ்கிய படகுகளைத் தூக்கியவருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சித்ரா வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். அது டிக் டிக்கென்று நகர்ந்தது. மறுபக்கம் திருப்பினால் அசையவில்லை. எதற்காக அப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு இன்னொன்று கேட்டார்.

"இதுல ஏதாச்சும் உங்க கையோட தண்ணிக்குள்ள போயிருக்குதுங்களா?"

"எல்லாம் பழசு புள்ள. உள்ள இருக்கற ரப்பர் இத்துப்போயிருக்கும். தண்ணி எறங்கிப்போட்டா அவ்வளவுதான்."

"நான் குடுத்ததுக்கு ரப்பரெல்லாம் புதுசு. தண்ணிக்குள்ளயே போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொன்னாருங்க."

ராசப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் இருவரும் படியிறங்கினார்கள். ராசப்பன் வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் குதித்தார். ஆனால் போன வேகத்திலேயே மேலே வந்து, படியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தண்ணி எறங்கிருச்சுங்களா?"

"இல்ல. ஒரு சொட்டு இல்ல."

"அப்பப் பயந்துட்டு ஏன் வந்தீங்க? கழட்டிக் குடுங்க."

சித்ராவும் கிணற்றில் நீந்தி வளர்ந்தவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு இறங்கியதில்லை, அவ்வளவுதான். சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மணிக்கட்டில் நிற்காத கடிகாரத்தை முழங்கைக்கருகில் ஏற்றிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தார்.

நீர் மூடிக்கொண்டது. வட்ட வட்டமாக அலை எழுந்து சுவரில் மோதி அடங்கியது. ராசப்பன் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். வெறும் கை. எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. குமிழிகள் வந்தன, பிறகு அவையும் நின்றன. கடலில் இறங்கியவர்களைப் பற்றி அத்தனை யோசித்தவர், மேலே காத்திருந்தவர்களைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. "சித்ரா!" என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு படி இறங்கினார்.

எதிர்ச்சுவர் ஓரமாகச் சித்ராவின் தலை மேலே வந்தது. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "அடியில போயிப் பாத்தீங்களா நீங்க? கும்மிருட்டு! முள்ளும் புள்ளியும் பச்சப் பசேல்னு எரியுது!"

பழைய டயலில் ஒளிப்பூச்சு எப்போதோ செத்துப்போயிருந்தது. புதுப் பூச்சு ஒளிரும் என்பது ராசப்பனுக்குத் தோன்றவே இல்லை.

"நெசமாவா?"

"பொய்யா சொல்றேன்? வாங்க, ரெண்டு பேருமாப் போலாம்."

ராசப்பன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.