வாப்பாவுக்கு முதலில் வந்த பாஷை

என் வாப்பாவுக்கு வாய்தான் முதல். கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் புடவைக் கடையில் துணியைவிட அவருடைய பேச்சுத்தான் அதிகம் விலைபோனது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிள்ளை அவர்தான். அப்படிப்பட்ட மனிதரை, என் கல்யாணம் பேசி முடித்த கொஞ்ச நாளிலேயே பாரிசவாதம் தாக்கியது. வலது கையும் காலும் சோர்ந்தன. பேச்சு அடியோடு நின்றது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது, அங்கேதான் இரத்தம் அடைபட்டிருக்கிறது, அறிவு போகவில்லை, சொல்தான் அகப்படவில்லை என்றார். நாம் பேசுவது அவருக்கு விளங்குமாம். சோதித்துப் பார்க்க உம்மா உடனே அவரைத் திட்டினார். வாப்பா முறைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. தேத்தண்ணி கேட்க வாய் வராத மனிதர், தொழுகையில் குர்ஆனின் பாத்திஹா சூராவை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினார். சின்ன வயதிலிருந்து ஊறிப்போனது தானாக வரும், யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் சிக்கும் என்றார் டொக்டர். பிறகு ஒரு காலையில் உம்மா கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் போனார். வாப்பா முகமெல்லாம் மலர்ந்து, கதிரையைக் காட்டி, "வாடிவென்ன நங்கி" என்றார். உட்காருங்க தங்கச்சி. கடைக்கு வரும் சிங்களப் பெண்களிடம் நாள் முழுக்க அவர் சொல்வது அது.

உம்மா கோப்பையை டக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இத்தன வருஷம் என்னோட பேசின தமிழ் எங்க போன? கடைக்கு வார பொம்பளைகளோட பேசின பேச்சு மட்டும் தலைக்குள்ள பத்திரமா ஈக்கிதா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உம்மாவுக்குச் சிங்களம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அளவுக்குத்தான் வரும். அன்றிலிருந்து வாப்பா சோறு கேட்டதும் சிங்களத்தில், உப்புப் போதாது என்றதும் சிங்களத்தில். நடுவில் நின்று மொழிபெயர்த்தது நான். உப்பு விஷயத்தை மட்டும் உம்மாவிடம் சொல்லாமல் விழுங்கிவிடுவேன்.

"இரண்டு பாஷை தெரிஞ்சவங்களுக்கு எது முந்தித் திரும்பும் எண்டு சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். தாய்மொழிதான் முதலில் வர வேண்டும் என்று மூளைக்கு ஒரு சட்டமும் இல்லையாம்.

சிரிப்புக்கு நடுவில் எனக்கு ஒரே ஒரு கவலை. நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவர் சொல்லலாம். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, அதற்கு ஆயத்தமாக இருந்தார். எனக்கு அது வேண்டாம். என்னை வளர்த்தவர் தன் வாயாலேயே என்னைத் தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த ஒரு வசனத்தைத் தமிழில் பழக்கினோம். "என்... என்..." என்பதோடு நிற்பார். தொடையில் அடித்துக்கொள்வார். நானும் பொறுமைசாலி இல்லை. ஒருநாள் கத்திவிட்டு குசினிக்குள் போய் அழுதேன். சிங்களத்தில் சொல்லிப் பார்ப்போம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அது கடைப் பாஷை. நிக்காஹ்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

"சபைல வெச்சி அவரத் திணற விடாத மகள்" என்றார் சாச்சா. கடைசியில் நானும் தலையாட்டினேன்.

கல்யாண நாளன்று மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஒரு திரைக்கு இப்பால் இருந்தோம். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. மௌலவி குத்பா உரையை முடித்தார். சாச்சா தொண்டையைச் செருமினார். பிறகு கதிரை ஒன்று இழுபடும் சத்தம். என் தங்கச்சி திரை இடுக்கால் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ராத்தா, வாப்பா முன்னுக்குப் போறார்" என்றாள். தூக்க முடியாத அவருடைய வலது கையை மாப்பிள்ளையே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாராம்.

வாப்பாவின் குரல் கேட்டது. நடுக்கம் இல்லை, திக்கல் இல்லை.

"மகே துவ ஒயாட்ட கசாத கரலா துன்னா."

என் மகளை உங்களுக்குக் கட்டித் தந்தேன். யாரோ களுக்கென்று சிரித்தது ஒலிபெருக்கியில் விழுந்தது. இது செல்லுமா, மறுபடி சாச்சாவைச் சொல்ல வைப்பார்களா?

"வெளங்கிற எந்தப் பாஷைல சொன்னாலும் சரிதான்" என்றார் மௌலவி. "மாப்பிள்ளைக்கு வெளங்கினயா?"

மாப்பிள்ளை கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரைக்காரர், சிங்களம் பழகியவர். கபூல் என்ற சம்மத வசனத்தை அறபில் நன்றாகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார் என்று அவருடைய உம்மா என்னிடம் பெருமைப்பட்டிருந்தார். மாப்பிள்ளை மௌலவியின் பக்கம் திரும்பவில்லை. வாப்பாவைப் பார்த்தே சொன்னார்.

"மம பாரகத்தா, மாமா."

நான் ஏற்றுக்கொண்டேன். பிறகுதான் அறபிலும் சொன்னார். மண்டபமே சிரித்தது. இந்த முறை அது வாப்பாவோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்கும் சிங்களம் படிச்சிக் குடு" என்று என் கையைக் கிள்ளினார்.

பிறகு மாப்பிள்ளையை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பாடமாக்கினதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாமா அவ்வளவு கஷ்டப்பட்டுத் தந்த" என்றார். "அவர் தந்த பாஷைலதானே நான் எடுக்கோணும்?"

அதுவரை பெரியவர்கள் எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையாக இருந்தார். அந்த இடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.