பச்சைத் தக்காளி

என் தம்பி உரக்கடையில் மூட்டை தூக்குகிறவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அவன் பெண்டாட்டி தையல்காரி. ஊசியைவிட நாக்கு கூர்மை. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாம் முறை உண்டானபோது அந்த நாக்கும் அடங்கிவிட்டது. "இதுவும் போயிடுச்சுன்னா நான் இருக்க மாட்டேன்க்கா" என்றாள் ஒருநாள். திட்டி வாயை அடைத்தேன்.

சந்தைக் காயெல்லாம் விஷம் என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், பின்கட்டில் துணி காயும் கொடிக்குக் கீழே தோட்டம் போட்டுவிட்டாள். கத்தரி, வெண்டை, தக்காளி, மூலையில் ஒரு கொய்யா. அரிசி கழுவிய தண்ணீர்கூடச் செடிக்குத்தான். தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள்.

"பிள்ளைக்கு இந்தக் கொய்யாவத்தான் மொதல்ல ஊட்டணும்."

"மொதல்ல பல்லு முளைக்கட்டும்டி" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் தக்காளியில் புழு விழுந்தது. பொறுக்கிப் போடப் போட, மறுநாள் அதைவிட அதிகம். செடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். "ஒரு செடியக்கூட என்னால காப்பாத்த முடியலங்க." என் தம்பிக்கு அது தாங்கவில்லை. பரிசோதனைக்காக அவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நேரம் பார்த்து, கடையிலிருந்து பூச்சிமருந்து கொண்டுவந்து அடித்துவிட்டான். காய் பழுக்க நாளாகும், அதற்குள் வீரியம் போய்விடும் என்பது அவன் கணக்கு. சொன்னால் தோட்டத்தையே பிடுங்கி எறிந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

அவளும் ஒன்றைச் சொல்லவில்லை. புளிப்புக்கு நாக்கு ஏங்கி, பச்சைத் தக்காளியாகப் பறித்துத் தின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். தன் கையால் வளர்த்த காயைக் கழுவுவானேன்? "வயித்தக் கெடுத்துக்காத" என்று அவன் முன்பே கண்டித்திருந்ததால், அவன் வேலைக்குப் போனபிறகுதான் தின்பாள்.

புழு ஒழிந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் வாந்தி, மயக்கம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். குழந்தை தங்கவில்லை.

"நீங்க வேணாம்னு சொல்லியும் திருட்டுத்தனமா பச்சக் காயத் தின்னேன். என்னாலதான் போச்சு" என்று கட்டிலில் கிடந்தபடி அவனிடம் அழுதாள். அவன் முகம் செத்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடி, டாக்டரிடம் மருந்தடித்த விஷயத்தைச் சொன்னான். கூடவே போன எனக்கும் அப்போதுதான் தெரியும்.

"அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். படித்து வாங்கிய பட்டத்துக்கு இது ஒரு பதிலா என்று எனக்கு எரிந்தது.

"வாயத் தொறக்காதடா. அவ தாங்க மாட்டா" என்றேன்.

இரண்டு நாள் பொறுத்தான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, துணிமணிகளைப் பையில் அடுக்கும்போது சொல்லிவிட்டான். "உன்னால இல்ல. செடிக்கு நான் மருந்தடிச்சிருந்தேன்."

அவள் கத்துவாள் என்று கதவைச் சாத்தினேன். அவள் கத்தவில்லை.

"எனக்காகத்தான் அடிச்சிருப்பீங்க. தெரியுது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டுமா? இவரு மொகத்த என்னால பாக்க முடியல."

என் கூடப்பிறந்தவனை அங்கேயே நிற்கவிட்டு, அவள் பையை நான் எடுத்துக்கொண்டேன்.