அரபிப் பக்கத்தைத் தமிழாக்கிய மத்தியானம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவரின் அக்காள், பக்கத்து வீட்டுக்காரி. மூன்று பேர்தான். வேறு யாரும் வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். எங்கள் கடற்கரை ஊரான முட்டத்தில் மத்தியானம் கதவு சாத்தியிருந்தால் அதையே ஒரு சேதியாக்கிவிடுவார்கள் என்ற பயம் உடனே வந்தது. எழுந்து போய்ப் பாதி திறந்து வைத்தேன்.

வடசேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. தூக்கம் கெட்டு வெகுநாளாகியிருந்தது.

என் கணவர் வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்கு வர வேண்டியவர், வரவில்லை. "பேப்பர் கொஞ்சம் சரியாவணும்" என்று ஒருநாள் போனில் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. கேட்டால் வருகை தட்டிப்போகும் என்பார்கள். கட்டுமரத்துக்கு இருந்த அந்த வழக்கத்தை நான் விமானத்துக்கும் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவரோடு ஒரே படகில் இருந்த ஒருவர் லீவில் வந்தார். "அவனுக்க இகாமா முடிஞ்சு போச்சு, கேஸ் எதுவும் இருக்கான்னு தெரியல" என்று மைனியிடம் சொல்லியிருக்கிறார். மைனி என்றால் நான் முதலில் சொன்ன, என் கணவரின் அக்காள். இகாமா என்பது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை. என் காதில் கேஸ் என்ற சொல் மட்டும்தான் நின்றது. கேஸ் என்றால் ஜெயில். மீனுக்குச் சில்லறை கொடுக்கும்போதுகூட அவரை விலங்கு போட்டுக் கூட்டிப்போவது மாதிரியே கண்ணில் வரும்.

அந்த மனிதர் போவதற்கு முன் ஒரு லிங்க்கும் அனுப்பியிருந்தார். அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கம். அட்டை எண்ணைப் போட்டால் கேஸ் உண்டா இல்லையா என்று காட்டிவிடுமாம். அட்டையின் போட்டோ என் மொபைலில் இருந்தது. ஆனால் பக்கம் முழுக்க அரபி. நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவள். தமிழ் என்றால் நன்றாக வாசிப்பேன். அதைத் தாண்டி ஒன்றும் ஓடாது.

பக்கத்து வீட்டுக்காரி குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்தவள். அரபி பேசுவாள், எழுத்துக் கூட்ட வராது. அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு. அவள் மொபைலில் கொரியாக்காரர்களின் காதல் கதைகளை நாள் முழுக்கத் தமிழில் வாசித்துக்கொண்டிருப்பாள். பிரவுசரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியைச் சேர்த்து வைத்திருக்கிறாள். எந்த மொழிப் பக்கமானாலும் ஒவ்வொரு பத்திக்கும் கீழே தமிழைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

"கொரியாக்காரன் கொஞ்சுறதையே தமிழாக்குது, அரபிக்காரன் எழுதினத ஆக்காதா? கொண்டா இங்க" என்று என் மொபைலை வாங்கினாள்.

முதலில் வேறு ஒரு பிரவுசரை இறக்க வேண்டியிருந்தது. என்னுடையதில் இந்தக் கருவியைச் சேர்க்க முடியாதாம். மொபைலில் இடம் இல்லை என்று வந்தது. திருவிழாத் தேர் வீடியோக்களை அழித்தேன். அவர் பார்க்கட்டும் என்று எடுத்து வைத்தவை. அழித்து முடித்ததும் பிரவுசர் இறங்கியது. மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, கருவியின் பெயரைத் தேடிச் சேர்த்தாள். அப்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

"என்னட்டி கேக்குது?"

"நீ தொறக்குற பக்கத்தையெல்லாம் நானும் பாப்பேன், சம்மதமான்னு கேக்குது."

"பாங்க் கணக்கையும் பாக்குமா?"

"உனக்க கணக்குல பாக்க என்ன இருக்கு? பாத்தா அதுவே பாவப்பட்டு நூறு ரூவா போட்டுட்டுப் போவும்."

மைனி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்மதம் கொடுக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய? மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தாள். திரையின் ஓரத்தில் ஒரு வட்டப் பொத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அட்டை எண்ணைப் போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் சொல்ல, அவள் அடித்தாள். அரபி வந்தது. அரபி வேண்டாம், தமிழை மட்டும் காட்டினால் போதும் என்று எதையோ மாற்றிவிட்டு வட்டத்தைத் தொட்டாள். அரபி மறைந்து அந்த இடத்தில் தமிழ் வந்து நின்றது.

அனுமதி காலாவதி. வழக்கு இல்லை. அபராதம் உண்டு, தொகைக்கு அலுவலகத்தை அணுகவும். அபராதம் தீரும்வரை வெளியேற முடியாது.

நான் மூன்று தடவை வாசித்தேன். "வழக்கு இல்ல, மைனி" என்றேன். மைனி சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

தனியாக இருந்தபோது அடுத்த பயம் பிடித்தது. அரபியில் இருந்த அரசாங்கப் பக்கம் என் கண் முன்னாலேயே தமிழாக மாறியிருந்தது. அங்கே இருக்கிற ஆபீசர் திறந்தால் என்ன தெரியும்? தமிழ்தானே தெரியும்? பேப்பரை யார் மாற்றியது என்று என் கணவரைப் பிடித்தால்? இல்லாத கேஸை நானே உண்டாக்கிவிட்டேனோ? பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கலாம். கேட்டால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். இருட்டும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. திரையைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பி, குரலும் பதிந்தேன்: "உங்களுக்க பேப்பர நாந்தான் தெரியாம தமிழாக்கிட்டேன். யாரும் கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஊருல பொண்டாட்டி செஞ்ச வேலன்னு சொல்லிருங்க."

உடனே கூப்பிட்டார். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம்.

"ஏட்டி, அரபி கவர்மெண்டையே தமிழாக்கிட்டியா நீ? நாளைக்கு ஆபீசருக்கு நீதான் வந்து வாசிச்சுக் குடுக்கணும்."

"வெளையாடாதிய. மாறிருச்சா?"

"உனக்க போன்ல மட்டுந்தான் மாறும். இங்க அரபி அரபியாத்தான் கெடக்கு."

பிறகு சிரிப்பு நின்றது. படத்தை மறுபடியும் பார்த்திருப்பார். "அப்போ எல்லாம் வாசிச்சிட்ட" என்றார்.

"வாசிச்சேன்."

"நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

"சொல்லாம இருந்தா பயப்பட மாட்டேனா?"

படகின் உடமஸ்தனான அந்த அரபி அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டதையும், அபராதத்தை இவர் தலையில் போட்டதையும், சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் பாதி கட்டியதையும் அதன்பிறகுதான் சொன்னார். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டேன். உடம்பில் எதற்கும் தெம்பில்லை, வழக்கத்தைக் காப்பாற்றவும்கூட. கல்யாணமாகி இத்தனை காலத்தில் கேட்காததை அப்போது கேட்டேன்.

"எப்ப வருவிய?"

தேதி எதுவும் அவரிடம் இல்லை. பாக்கி தீருகிற அன்றைக்கு என்றார். எவ்வளவு என்று கேட்டேன். நம் பணத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சந்தை முடிந்து வந்ததும் ஒருதடவை அந்த வட்டப் பொத்தானைத் தொட்டு, அபராதம் உண்டு என்று இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. என் கம்மலை விற்று அனுப்பியதும், இந்த மாதம் அவர் கட்டியதும் போக, இன்னும் எழுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.